இறங்க ஓர் இடம் வேண்டும்

2025 மே 8 காலை, உத்தராகண்டின் கர்சாலி ஹெலிபேடிலிருந்து யாத்ரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜாலாவை நோக்கிக் கிளம்பிய பெல் 407 ரக ஹெலிகாப்டர், ஏறத்தாழ இருபது நிமிடம் பறந்த பிறகு தன் உயரத்தைவிட்டுக் கீழே வரத் தொடங்கியது. கங்நானி அருகே உத்தரகாசி - கங்கோத்ரி நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிட முயன்றது. சாலையையொட்டி மேலே போய்க்கொண்டிருந்த ஃபைபர் கேபிளில் அதன் ரோட்டர் பிளேடு பட்டது. சாலையோர இரும்புத் தடுப்பிலும் மோதி, நிற்க முடியாமல் பள்ளத்தில் உருண்டது. விமானியோடு சேர்த்து ஆறு பேர் மாண்டார்கள். ஒருவர் மட்டும் பிழைத்தார். விமான விபத்து விசாரணை அமைப்பின் முதற்கட்ட அறிக்கை சொல்லும் செய்தி இவ்வளவுதான்.

இதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 மே 4 அன்று, ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் ராணுவத்தின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று மருசுதர் ஆற்றங்கரையில் விழுந்தது. தொழில்நுட்பக் கோளாறு இருப்பதாக விமானிகள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்துவிட்டு, முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்க முனைந்தார்கள். மேடுபள்ளமான நிலம், புதர், இறங்குவதற்காகச் செப்பனிடப்படாத இடம் ஆகிய காரணங்களால் ஹெலிகாப்டர் பலமாகத் தரையில் மோதியதாக ராணுவம் கூறியது. விமானிகள் இருவரும் காயமடைந்தார்கள். உடன் சென்ற தொழில்நுட்ப வீரர் உயிரிழந்தார். 2024 ஏப்ரல் 3 அன்று லடாக்கில் விமானப் படையின் அப்பாச்சி ஹெலிகாப்டரும் இப்படித்தான் முன்னெச்சரிக்கையாக இறங்கும்போது சேதமடைந்தது. நிலத்தின் மேடுபள்ளமும் மலையின் உயரமுமே அங்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. நல்லவேளை, விமானிகள் இருவரும் தப்பினார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'அங்கே போய் ஏன் இறக்கினார்?' என்பதுதான். டீக்கடையிலும் அதுதான், தொலைக்காட்சி விவாதத்திலும் அதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இறங்குவதற்கு அதைவிட நல்ல இடம் ஏன் இல்லாமல் போனது? இறங்கலாம் என்ற முடிவை இன்னும் சற்று முன்னதாக எடுக்க விமானிக்கு எது தடையாக இருந்தது? இரண்டுக்கும் பதில் விமானியின் அறைக்கு வெளியே இருக்கிறது. முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்குவது ஹெலிகாப்டருக்கு வாய்த்த பெரும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்துவோருக்கு இடமும் கொடுக்காமல், நிம்மதியும் கொடுக்காமல் வைத்திருப்பது நம் அமைப்புகளின் குறை.

எரியும் விளக்கு சொல்வது என்ன?

ஹெலிகாப்டர் தரைக்கு வரும் அவசரங்கள் எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. என்ஜின் நின்றுவிட்டால் விமானிக்கு வேறு வழியே கிடையாது. கீழே எது இருக்கிறதோ அதில் இறங்கியாக வேண்டும். கடலுக்கு மேல் என்றால் தண்ணீர்தான் தரை. முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம் இந்த இரண்டிலும் சேராது. ஹெலிகாப்டர் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போகவும் முடியும். போவது நல்லதில்லை என்று விமானி முடிவு செய்கிறார். பேருந்தில் ஏதோ புதிய சத்தம் கேட்டால் நல்ல ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்திப் பார்ப்பாரே, அந்த மாதிரியான முடிவு இது. முடியாமல் போவதற்குள் நின்றுவிடுவது.

இதன் அருமை ஹெலிகாப்டரின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும். என்ஜின் பழுதானால்கூட, கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, ஓரளவு கட்டுப்பாட்டோடு இறங்க வழி உண்டு. பெரிய ஹெலிகாப்டர்களில் இரண்டு என்ஜின்கள் இருக்கும். ஆனால் என்ஜினின் வேகத்தைக் குறைத்து ரோட்டருக்குக் கடத்தும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாற்று கிடையாது. அதனால்தான் அதில் எண்ணெயின் அழுத்தம் குறைந்தாலும், வெப்பம் ஏறினாலும், தேய்ந்த பற்களிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள் காந்த முனையில் ஒட்டினாலும் விமானியின் முன்னால் விளக்கு எரிகிறது.

விளக்கு எரிந்த பிறகு செய்ய வேண்டியதை இயக்கக் கையேடு படிப்படியாக வகுத்துவைத்திருக்கிறது. சில கோளாறுகளுக்கு 'உடனே இறங்கு' என்கிறது; கீழே கடலா, காடா என்று பார்க்க நேரமில்லை என்று பொருள். சிலவற்றுக்கு, பாதுகாப்பாக இறங்கக்கூடிய முதல் இடத்தில் இறங்கச் சொல்கிறது. இன்னும் சிலவற்றுக்கு, வசதியான இடம் வரை போகலாம் என்கிறது. உயிர்கள் போவது பெரும்பாலும் இந்தப் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான். முதல் படியில் நிற்பதை இரண்டாம் படி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் படியில் நிற்பதை மூன்றாம் படி என்று எடுத்துக்கொள்கிறது.

இரண்டு கடல்கள், இரண்டு முடிவுகள்

2009 மார்ச் 12. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்ப்பவர்களை ஏற்றிக்கொண்டு எஸ்-92 ஹெலிகாப்டர் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் பறந்தது. வழியில் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது. கையேட்டின்படி அழுத்தம் அந்த அளவுக்குப் போனால் உடனே கடலில் இறக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டாலும் கியர்பாக்ஸ் அரை மணி நேரம் தாங்கும் என்ற ஓர் எண்ணம் அந்த ஹெலிகாப்டரைப் பற்றி நிலவியது. விமானிகள் கரையை நோக்கித் திருப்பினார்கள். எச்சரிக்கை வந்து சுமார் பத்து நிமிடங்களில் வால் ரோட்டரை இயக்கும் பற்சக்கரங்கள் போய்விட்டன. ஹெலிகாப்டரில் இருந்த 18 பேரில் ஒருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்.

அந்தக் கதையில் இன்னொரு கிளையும் உண்டு. முந்தைய ஆண்டில்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில் அதே ரக ஹெலிகாப்டர் ஒன்று இதேபோல எண்ணெயை இழந்து, சில நிமிடங்களில் தரையிறங்கித் தப்பியிருந்தது. எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருக்கும் டைட்டானியத் திருகுத் தண்டுகள் முறிந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, அவற்றை எஃகில் மாற்றும்படி தயாரிப்பாளர் 2009 ஜனவரியில் சுற்றறிக்கை அனுப்பினார். மாற்றுவதற்கு ஓராண்டு வரை அவகாசமும் கொடுத்தார். கனடாவில் விழுந்த ஹெலிகாப்டரில் இன்னும் மாற்றப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் பத்திரமாக இறங்கியவர்கள் உலகத்துக்கு ஓர் எச்சரிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கியவர்கள் அதன் அவசரத்தை உணரவில்லை.

2012இல் ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடல் பகுதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. மே மாதத்தில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றுமாக, ஈசி225 ரக ஹெலிகாப்டர்கள் இரண்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் ஓட்டம் நின்றது. மாற்று உயவு அமைப்பை விமானிகள் இயக்கினார்கள். அதுவும் பழுது என்று விளக்கு எரிந்தது. கையேட்டில் இருந்தபடியே இரண்டு குழுவினரும் கடலில் இறக்கினார்கள். ஒன்றில் 14 பேர், மற்றொன்றில் 19 பேர். எல்லாரும் மீட்கப்பட்டார்கள்.

விசாரணையில் தெரியவந்த செய்தி சுவாரஸ்யமானது. மாற்று உயவு அமைப்பு உண்மையில் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது; பழுது என்று எரிந்த விளக்குதான் பொய். அப்படியானால் அந்த விமானிகள் தேவையில்லாமல் பல கோடி பெறுமான இயந்திரத்தைக் கடலில் இறக்கிவிட்டார்களா? பிரிட்டனின் விசாரணை அமைப்பு அப்படிப் பார்க்கவில்லை. தங்களிடம் அப்போது இருந்த தகவலை வைத்து, தங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதைச் செய்தார்கள், அவ்வளவே. பழுது எங்கே என்று தேடிய விசாரணை, கியர்பாக்ஸின் செங்குத்துத் தண்டில் சுற்றிலும் ஓடிய விரிசலைக் கண்டது. பொய்யான விளக்குக்குக் காரணமான அழுத்த சுவிட்சையும் கண்டது. அறிக்கை பகிரங்கமாக வெளியானது. தண்டு மறுவடிவமைப்புச் செய்யப்பட்டது.

ஆந்திராவின் ஆறு நிமிடங்கள்

தொலைதூரக் கடல்களின் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் 2009 செப்டம்பர் 2ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டியின் பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. அவரும் உடன் சென்ற நால்வரும் இறந்தனர். மோசமான வானிலை என்பதோடு பலருடைய நினைவு நின்றுவிடும். விசாரணை இன்னொன்றையும் பதிவுசெய்தது. வழியில் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் குறித்த ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அது என்ன, கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதிலேயே விமானிகள் ஆறு நிமிடங்களுக்கு மேல் மூழ்கியிருந்தார்கள். அந்நேரத்தில் ஹெலிகாப்டர் இடிமேகத்துக்குள் நுழைந்து, கீழ்நோக்கிய கடும் காற்றில் சிக்கியது.

எச்சரிக்கை விளக்கு ஒருபுறம், முன்னால் திரண்டு நிற்கும் மேகம் ஒருபுறம். தனித்தனியாகவே இரண்டும் இறங்கவோ திரும்பவோ போதுமான காரணங்கள். பின்னால் அமர்ந்திருப்பவர் முதல்வர்; கீழே மக்கள் காத்திருக்கிறார்கள்; நிகழ்ச்சிக்கு நேரம் குறித்தாகிவிட்டது. அவர்கள் அறையில் யாரும் யாரையும் அதட்டியிருக்க வேண்டியதில்லை. அதட்டாமலே வேலை செய்யும் அழுத்தம் இது. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் எட்டுப் பேரும் இறந்த கலிஃபோர்னியா விபத்தை விசாரித்த அமெரிக்க வாரியம், விமானி தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் அவர் முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்று எழுதியது. வாடிக்கையாளரிடமிருந்து நெருக்கடி வந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. 'எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்ப்பவரே கெட்டிக்காரர்' என்று ஒரு தொழிலே நம்பினால், அதில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து வேறு கட்டளை தேவைப்படாது.

இறங்குவதும் எளிதில்லை

'அப்படியென்றால் சந்தேகம் வந்ததும் இறக்கிவிட வேண்டியதுதானே?' என்று யாரும் சொல்லிவிடலாம். கிஷ்த்வாரும் கங்நானியும் அந்த எளிமையை மறுக்கின்றன. வானத்திலிருந்து பார்க்கும்போது பச்சைப் பசேல் என்று சமமாகத் தெரியும் இடம், நெருங்கினால் இடுப்பளவு புதரும் சரிவும் பாறையுமாக இருக்கும். சரிவில் ஒரு பக்கக் கால் மட்டும் பட்டு மற்றது அந்தரத்தில் நின்றால், அந்தக் காலை அச்சாகக்கொண்டு ஹெலிகாப்டர் நொடியில் கவிழ்ந்துவிடும். விமானி சுதாரிப்பதற்குள் முடிந்துவிடுகிற விபத்து அது. வால் ரோட்டர் புதரில் பட்டால் உடல் தட்டாமாலை சுற்றும். காய்ந்த நிலமாக இருந்தால் ரோட்டர் கிளப்பும் புழுதியே தரையை மறைத்துவிடும்.

மலை உயரத்தில் இன்னொரு சங்கடம். காற்று மெலிந்திருப்பதால் ரோட்டருக்குப் பிடிமானம் குறைவு. என்ஜினின் வலுவும் குறைகிறது. சமவெளியில் அந்தரத்தில் நின்று, இடம் பார்த்து, மெல்ல இறங்கும் அதே ஹெலிகாப்டரால் லடாக்கில் அப்படி நிற்க முடியாமல் போகலாம். கேதார்நாத் கோயிலே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,580 மீட்டரில் இருக்கிறது. அங்கே சுமையோடு பறப்பவருக்கு மிச்சம் என்று கையில் இருக்கும் வலு மிகக் கொஞ்சம்.

எல்லாவற்றையும்விடக் கொடியது கம்பி. மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, இப்போது ஊர் ஊராக இழுக்கப்படும் ஃபைபர் கேபிள். பறக்கும் வேகத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சில ஹெலிகாப்டர்களின் மூக்குப் பகுதியில் கம்பியை வெட்டும் கத்திகள் பொருத்தப்படுவதுண்டு. ரோட்டரில் நேராகப் படும் கம்பிக்கு அவற்றால் பயனில்லை. மலைப்பகுதியில் சமமான நிலம் என்று இருப்பது பெரும்பாலும் சாலைதான். கம்பிகள் போவதும் அதே சாலையோரம்தான். 2025 ஜூன் 7 அன்று கேதார்நாத் போய்க்கொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பிய சற்று நேரத்திலேயே பராசு அருகே நடுச்சாலையில் இறங்கியது. ஒரு கார் சேதமடைந்தது, விமானிக்குக் காயம், யாத்ரிகர்கள் ஐவரும் தப்பினார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு சாலைகள், இரண்டு விதி. நடுவே இருந்த வேறுபாடுகளில் ஒன்று ஒரு கேபிள்.

ஆகவே முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம் எப்போதும் பத்திரமானது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தேர்வு செய்ய நேரமும் இடமும் இருக்கும்போது அது பத்திரமானது. ஒருமுறை உயரத்தில் வட்டமடித்துக் காற்றின் திசையும் கம்பங்களும் பார்த்து, இன்னொருமுறை தாழ்ந்து வந்து சரிவும் தரையும் பார்த்து, பிறகு இறங்குவதுதான் முறை. அந்த இரண்டு சுற்றுகளுக்கான நேரத்தைத் தயக்கம் தின்றுவிடுகிறது. கடைசி நிமிடத்தில் இறங்குபவர் பெயரளவில்தான் முன்னெச்சரிக்கையாக இறங்குகிறார்.

எதைக் கொண்டாடுகிறோம்?

2024 அக்டோபர் 16 அன்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் சென்ற ஹெலிகாப்டர், வானிலை கெட்டதால் உத்தராகண்டின் பிதோராகர் மாவட்டத்தில் ராலம் என்ற மலைக் கிராமத்தில் இறங்கியது. எல்லாரும் அந்தக் குளிரில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் பத்திரமாகத் திரும்பினார்கள். 2023 ஜனவரியில் பெங்களூரிலிருந்து திருப்பூருக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கரின் ஹெலிகாப்டர், மேகமூட்டத்தால் ஈரோடு மாவட்டக் கடம்பூர் மலையில் உக்கினியம் பகுதியில் இறங்கியது. வானம் தெளிந்ததும் கிளம்பிப் போனது. இரண்டும் 'பரபரப்பு' என்ற தலைப்போடு வந்த செய்திகள். அந்த விமானிகள் செய்ததில் பரபரப்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் தொழிலை ஒழுங்காகச் செய்தார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. யாரும் மாலை போடவில்லை.

கடம்பூர் மலைக்குத் தென்மேற்கே, அதிகத் தொலைவில்லாத குன்னூரில் 2021 டிசம்பர் 8 அன்று நடந்ததை நாம் மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்களைக் கொண்டுபோன எம்ஐ-17வி5 விபத்தில், பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தப்பி, மலையில் மோதியது என்று விமானப் படை 2022 ஜனவரியில் அறிவித்தது. இயந்திரக் கோளாறோ, சதியோ, அலட்சியமோ இல்லை என்றும் சொன்னது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்கப்பட்ட பட்டியலில் அதே விபத்துக்கு நேராக 'மனிதப் பிழை' என்று மட்டும் எழுதியிருந்தது. மனிதப் பிழை என்பது விசாரணை தொடங்க வேண்டிய இடம். மேகத்தைக் கண்டதும் திரும்பியிருக்கவோ இறங்கியிருக்கவோ வாய்ப்பு இருந்ததா, இருந்தால் எது தடுத்தது என்ற பாடம்தான் அடுத்த விமானிக்கு வேண்டும். அந்த முழு அறிக்கை மக்கள் முன் வரவில்லை.

கேதார்நாத் உள்ளிட்ட உத்தராகண்டின் சார் தாம் யாத்திரையில் அழுத்தம் வேறு வடிவம் எடுக்கிறது. நல்ல வானிலை சில மணி நேரம்தான். அதற்குள் எத்தனை நடை போகிறோமோ அவ்வளவு வருமானம். வழியில் இறங்கினால் அந்த நாளின் நடைகள் போயின. யாத்ரிகர்களின் கோபம், பணத்தைத் திருப்பித் தருவது, மலையிலிருந்து இயந்திரத்தை மீட்டு வருவது எனத் தலைவலிகள். 2025 ஜூன் 15 அதிகாலையில் கௌரிகுண்ட் அருகே மோசமான வானிலையில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து குழந்தை உட்பட ஏழு பேர் இறந்தபோது, இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது.

கணக்கை நேராகப் போட 2024இல் நடந்த ஒன்று உதவும். அந்த ஆண்டு மே 24 அன்று, கேதார்நாத் ஹெலிபேடை நெருங்கிய ஒரு ஹெலிகாப்டர் கட்டுப்பாடு இழந்து சுழன்று, சற்றுத் தள்ளி அவசரமாகத் தரையைத் தொட்டது. விமானியுடன் ஏழு பேரும் பிழைத்தார்கள். பழுதான அந்த ஹெலிகாப்டரை ஆகஸ்ட் 31 அன்று எம்ஐ-17 ஒன்று கட்டித் தூக்கிச் சென்றபோது, காற்றிலும் பாரத்திலும் நிலைதடுமாறவே பள்ளத்தாக்கில் போட்டுவிட நேர்ந்தது. இயந்திரம் சுக்குநூறானது. உயிருக்கு ஆபத்து என்றதும் எம்ஐ-17 விமானிகள் சுமையைக் கைவிட்டார்கள் பாருங்கள், அந்த மனநிலைதான் இங்கே எல்லாருக்கும் வேண்டியிருப்பது.

செய்ய வேண்டியவை

முதலில், இடம். ஹெலிகாப்டர்கள் நாள்தோறும் போய்வரும் பள்ளத்தாக்குகளில், சில கிலோமீட்டருக்கு ஒன்றாக, அவசரத்தில் இறங்கத் தகுந்த இடங்களைக் கண்டறிந்து, புதர் வெட்டி, மேலே கம்பி போகாமல் காத்து, வரைபடத்தில் ஏற்றி விமானிகளிடம் கொடுக்க வேண்டும். பள்ளி மைதானமாக இருக்கலாம், ஆற்றுத் திட்டாக இருக்கலாம். பெரிய செலவு இல்லை. மாவட்ட நிர்வாகமும் பொதுப்பணித் துறையும் மின்வாரியமும் தொலைபேசி நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஹெலிகாப்டர் வழித்தடத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே இழுக்கப்படும் எந்தக் கேபிளும் வண்ணக் கோளங்கள் இல்லாமல் இருக்கக் கூடாது.

அடுத்து, அச்சமின்மை. அமெரிக்காவின் ஹெலிகாப்டர் சங்கம் 'லேண்ட் அண்ட் லிவ்' என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தியது. சந்தேகம் வந்தால் விமானி இறங்கட்டும், நிறுவனம் அதை ஆதரிக்கட்டும் என்பதே அதன் சாரம். அங்கே 1976 முதல் நாசா நடத்திவரும் ரகசியத் தகவல் அமைப்பில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். பெயர் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லாருக்கும் போகிறது. நம் ஊரில் ஒவ்வொரு ஹெலிகாப்டர் நிறுவனமும், விமானியின் பணி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதட்டும்: முன்னெச்சரிக்கையாக இறங்கியதற்காகச் சம்பளமோ பறக்கும் படியோ பதவியோ பாதிக்கப்படாது. அந்த வரி இல்லாத நிறுவனத்துக்கு யாத்திரை உரிமம் கிடைக்கக் கூடாது.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. சிவில் விமான விபத்துகளை 2017ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரிக்கும் அமைப்பு, பழி சுமத்துவது தன் நோக்கமில்லை, அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்கிறது, அறிக்கைகளையும் வெளியிடுகிறது. ராணுவ ஹெலிகாப்டர்கள் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. போர்த் தந்திரமும் ஆயுத விவரமும் ரகசியமாக இருக்கட்டும். ஒரு கியர்பாக்ஸ் ஏன் சூடானது, ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு ஏன் முறிந்தது என்பதில் எதிரி நாட்டுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். நம் வீரர்களுக்கு அது உயிர்.

துருவ் ஹெலிகாப்டரின் வரலாறே இதற்குச் சாட்சி. 2023 மார்ச் 8 அன்று மும்பைக்கு அப்பால் கடற்படையின் துருவ் வலுவிழந்து கடலில் இறங்கியது. அதே மாதம் 26 அன்று கொச்சியில் கடலோரக் காவல் படையினுடையது தரையிலிருந்து எழும்பியதும் விழுந்தது. மே 4 அன்று கிஷ்த்வார். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் மூவர் இறந்த பிறகு, முப்படைகளிலும் அந்தப் படையிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. விமானியின் கட்டளையைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் 'ஸ்வாஷ்பிளேட்' என்ற பாகத்தில் முறிவு என்று தெரியவந்தது. இந்தியா தானே வடிவமைத்துக் கட்டிய, சியாச்சின் வரை ஏறிச் செல்லும் பெருமைக்குரிய ஹெலிகாப்டர் அது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒரே வழி, ஒவ்வொரு சிறு கோளாறும் பேசப்பட்டு, எழுதப்பட்டு, அடுத்த பிரிவின் விமானிக்கும் பராமரிப்பாளருக்கும் போய்ச் சேர்வதுதான்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். விளக்கு எரியும்போதெல்லாம் இறங்கினால், வீணான இறக்கங்கள் பெருகி, அவற்றாலேயே விபத்துகள் கூடாதா? பல துகள் எச்சரிக்கைகள் ஒன்றுமில்லாத மெல்லிய தூசியால் வருபவை, அது உண்மை. ராணுவத்தில் எதிரி எல்லையோரமும் வெள்ளப் பகுதியும் நினைத்த இடத்தில் இறங்க விடாது, அதுவும் உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் அந்த அறையில் அமர்ந்திருப்பவர். அவருக்குத் துல்லியமான கருவியையும், தெளிவான கையேட்டையும், திரும்பத் திரும்பப் பயிற்சியையும் கொடுங்கள். பொய் விளக்குகளைக் குறைக்கப் பராமரிப்பில் செலவிடுங்கள். அவர் எடுத்த முடிவுக்குப் பின், வீண் இறக்கம் என்று தெரிந்தாலும், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வட கடலில் பொய்யான விளக்கை நம்பிய விமானிகளோடு சேர்த்து 33 பேரும் வீடு திரும்பினார்கள்.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. ஹெலிகாப்டர் பாதியில் இறங்கிவிட்டால் சண்டை பிடிக்காமல் இருப்பது, தலைவர் வர ஒரு மணி நேரம் தாமதமானால் ஏற்பாட்டாளர்கள் விமானியைத் தொலைபேசியில் துரத்தாமல் இருப்பது, இறங்கிய ஹெலிகாப்டரைச் சூழ்ந்துகொண்டு படம் பிடிக்க ஓடாமல் சுழலும் பிளேடுகளிலிருந்து தள்ளி நிற்பது. தேர்தல் வந்தால் தமிழ்நாட்டிலும் தலைவர்கள் ஒரே நாளில் மூன்று மாவட்டங்களுக்குப் பறக்கிறார்கள். அவர்கள் ஏறி அமர்ந்ததும் விமானியிடம் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் இருக்கிறது: 'உங்களுக்குச் சரியில்லை என்று தோன்றினால் இறக்கிவிடுங்கள், கூட்டம் காத்திருக்கும்.' சட்டமும் விதியும் எட்டாத இடத்துக்கு அந்த வாக்கியம் எட்டும். அதைச் சொல்லாத தலைவர், சொல்லாமலே தன் விமானிக்கு வேறொரு கட்டளை கொடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.